மழைநீர்க் குழியும் அறுபத்துமூன்று கட்டைவிரல்களும்

ரோஹிணி காலனி,
குஷாய்குடா,
ஹைதராபாத்.
1-10-2012

சிரஞ்சீவி அச்யுதனுக்கு அம்மா மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் நித்யஸ்ரீயும் குழந்தை அபிநவும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தினமும் விளக்கேற்றும்போது நான் கேட்பது அது ஒன்றுதான். இங்கே நாங்களும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் கடிதத்தைப் பொய்யில் தொடங்க வேண்டாம் என்று பார்க்கிறேன். அப்பாவுக்கு இடுப்பு பரவாயில்லை, எனக்கு முழங்கால் பரவாயில்லை, கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, அம்மா அந்தக் காலனி பேஜ்ல நீ போட்டதையெல்லாம் எடுத்துடு, இங்க எல்லாரும் கேக்கறா, உமாசங்கர் மூஞ்சில முழிக்க முடியலை என்றாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. உன் போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அவர் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் காலத்திலும் கையால் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நிதானமாக உட்கார்ந்து முழுசும் படி. நித்யஸ்ரீயிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கா சுருக்கமாச் சொல்லு என்று கேட்காதே.

முதலில் வீட்டு விஷயம். அப்பா வாக்கர் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து பால்கனிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு தடவை போய் வருகிறார், பிசியோதெரபி பெண் பத்து போதும் என்றாள், இவர் பதினாறு என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து டிக் அடித்துக்கொள்கிறார். கரண்ட் தினம் மூன்று மணி நேரம் நான்கு மணி நேரம் போகிறது, இன்வெர்ட்டர் நானும் ஓய்ந்துபோனேன் என்கிறது. இந்த வருஷம் கொலு மூன்று படிதான், ஏழு படிக்கு என்னால் பரண் ஏறி இறங்க முடியாது. மாடியில் குடியிருக்கும் ஆக்னஸ், நாகர்கோவில் பெண், மாதாப்பூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள் என்று சொன்னேனே, அவள்தான் படி அடுக்கித் தருகிறேன் ஆன்ட்டி என்றிருக்கிறாள். பெற்ற பிள்ளை செய்ய வேண்டியதில் பாதியை இப்போது அவள் செய்கிறாள். குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அமெரிக்கா போன பிறகு காலனியில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் உமாசங்கர் வாய்வழியாகத் தெரிந்தது, அவன் தன் அப்பாவை விட்டுக்கொடுப்பானா? உன் பத்மநாபன் மாமா ஒன்பது வருஷமாக நம் காலனி சங்கத்துக்குத் தலைவர். பிளாண்டில் இருந்தபோது நிர்வாகப் பிரிவில் ஃபைல் நகர்த்தினவர், அப்பா இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார், இருபத்தெட்டு வருஷம் ஒரே கம்பெனி பஸ். போன வருஷம் திடீரென்று ஒரு நாள் சங்க அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த புகார் ரிஜிஸ்டரை எடுத்துவிட்டார். இனிமே எல்லாம் ஆன்லைன், காலனிக்கு ஃபேஸ்புக் பேஜ் வந்தாச்சு, குறை இருந்தா அதுல போடுங்கோ, வெளிப்படையா இருக்கும் என்று மீட்டிங்கில் பேசினார். அவருக்குக் கம்ப்யூட்டரில் சுவிட்ச் எங்கே என்றுகூடத் தெரியாது. பேஜைத் திறந்ததும் நடத்துவதும் டல்லாஸில் இருக்கும் அவர் பிள்ளை உமாசங்கர், இவர் போனில் சொல்லச் சொல்ல அவன் அங்கிருந்து அடித்துப் போடுவான். குஷாய்குடாவில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்ற செய்தி டல்லாஸ் போய்விட்டு நமக்கு வரும். இங்கே இருப்பவர்களில் முக்கால்வாசி ரிட்டையர் ஆன கிழங்கள், எங்களில் எத்தனை பேர் அதில் போய்க் குறை எழுதப்போகிறோம்? அது தெரிந்துதான் ரிஜிஸ்டரை எடுத்தார் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அப்பாதான், எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படாதே என்று என்னை அடக்கினார்.

ஏப்ரலில் மழைநீர்க் குழி வந்தது. மாதிரிக் காலனிப் பரிசுக்கு மனுப் போட வேண்டும், அதற்கு மழைநீர் சேமிப்பு இருந்தால் மதிப்பெண் உண்டாம். பார்க் மூலையில், நம் தெரு திரும்பும் இடத்தில், ஏழு அடி ஆழத்துக்கு வெட்டினார்கள். வெட்டின அன்றைக்குத் தேங்காய் உடைத்து, மாலை போட்டுக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு பத்மநாபன் நின்ற படம் பேஜில் வந்தது. படம் வந்ததோடு வேலை முடிந்தது. ஜல்லி வரவில்லை, மூடி வரவில்லை, சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. கான்ட்ராக்டரை அப்பா நேரில் கேட்டதற்கு அவன், ஏம் காதுலே சார், ஒன்றும் ஆகாது என்று தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அப்பா விடுவாரா? கார்பன் வைத்துக் கடிதம் எழுதினார். பெறுநர், அனுப்புநர், பொருள், பார்வை என்று பிளாண்டில் எழுதுகிற மாதிரியே. ஏப்ரல் இருபதிலிருந்து ஜூலை பதினொன்றுவரை ஒன்பது கடிதம். ஒவ்வொன்றையும் தானே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் சங்க முத்திரையும் வாங்கிவந்து ஃபைலில் கோத்துவைத்தார். நகலில் கையெழுத்து இல்லாத காகிதம் காகிதமே இல்லை என்பது அந்த பிளாண்டில் வேலை செய்த அத்தனை பேருக்கும் ரத்தத்தில் ஊறினது. பத்மநாபனுக்கும்தான். நிர்வாகப் பிரிவில் இருந்த கை இல்லையா, கீழே நகலோடு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பேனா தானாக மூடி திறந்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுவிடும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அந்தக் கை பார்ப்பதே இல்லை. ஒன்பது கடிதத்தில் ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. அதுதான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

ஜூலை பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்கு அப்பா பால் வாங்கப் போனார். முதல் நாள் முழுக்க மழை, தெருவும் குழியும் ஒரே தண்ணீராகக் கிடந்தது. குழி எங்கே இருக்கிறது என்று அப்பாவைவிடத் தெரிந்தவர் காலனியில் யார்? நன்றாக ஒதுங்கித்தான் நடந்தார். ஆனால் மழையில் குழியின் ஓரம் இரண்டு அடிக்கு இடிந்துபோயிருந்தது, நீருக்கு அடியில் அது யாருக்குத் தெரியும். கால் வைத்தார், போய்விட்டார். கழுத்துவரை தண்ணீரில், ஒடிந்த இடுப்போடு, இருபது நிமிஷம் ஓர மண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். சிலிண்டர் போடுகிற நூர் முகமது அந்த வழியாக வந்ததால் பிழைத்தார். அவனும் வாட்ச்மேனும் இறங்கித் தூக்கினார்கள். நான் தலைவிரிகோலமாக ஓடினபோது நூர் முகமது, கைக்கு ரோரே அம்மா, ஏன் அழறீங்க, சாப்பு பேசறாரு பாருங்க என்றான். அப்பா என்ன பேசினார் தெரியுமா, பால் பாக்கெட் உள்ளே விழுந்துடுத்து என்றார். உனக்கு உடனே சொல்லவில்லை. ஆபரேஷன் முடியட்டும், பிளேட் வைத்துவிட்டார்கள் என்று நல்ல செய்தியாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் நீ அங்கே தூரத்தில் கிடந்து தவிப்பாய் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நீயே வழக்கம்போலப் போன் செய்தபோதும், அப்பா லேசா வழுக்கிட்டார்டா என்றுதான் ஆரம்பித்தேன். அப்படியாம்மா, எப்போ என்று கேட்டாய். அது இருக்கட்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபோது பேஜில் ஒரு அறிவிப்பு வந்தது. எனக்கு அது பதினோரு நாள் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகு, ஆக்னஸ் காட்டித்தான் தெரியும். பாவம், காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். நாற்பத்தேழாம் எண் வீட்டு மூத்த உறுப்பினர் திரு. ஸ்ரீனிவாசன் வயோதிகத் தள்ளாட்டத்தாலும் கண்பார்வைக் குறைவாலும் பார்க் அருகே தவறி விழுந்தார், விரைவில் குணமடையப் பிரார்த்திக்கிறோம், வயதான உறுப்பினர்கள் துணையின்றி வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதியிருக்கிறேன். குழி என்ற சொல்லே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், ஏழு அடிக் குழியை இரண்டு வரியில் மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை இருப்பது பத்மநாபனுக்குத் தெரியும், ஆபரேஷனுக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று அப்பா அவரிடமே கேட்டிருந்தார். நம்பிச் சொன்னதை எடுத்து ஊருக்கு முன்னால் வீசிவிட்டார். முப்பத்தாறு வருஷம் பிளாண்டு சாமான்களில் மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்கின மனுஷனைக் கண் தெரியாதவன், தள்ளாடுகிறவன் என்று எழுதிவிட்டார்கள். இடுப்பு ஒடிந்தபோது அழாத உன் அப்பா நான் இதை வாசித்துக் காட்டினபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நான் முடிவு செய்தேன். அந்த ஆளை அதே இடத்தில், அதே அத்தனை பேர் முன்னால், வாயை மூட வைக்காமல் நான் ஓய மாட்டேன் என்று.

அபிநவ் படங்களைப் பார்க்க என்று போன தடவை வந்தபோது நீ திறந்து கொடுத்த ஃபேஸ்புக் கணக்குதான் உதவியது. ஃபைலை எடுத்தேன். ஆக்னஸ் தன் போனில் கடிதங்களைப் படம் எடுத்தாள், ஒன்பதையும் மொத்தமாகப் போட்டுடலாம் ஆன்ட்டி என்றாள். வேண்டாம், முதல் கடிதத்தின் மேல்பாதி மட்டும் போடு, கையெழுத்தும் முத்திரையும் தெரியக் கூடாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போட்டோம். மறுநாள் காலை டல்லாஸிலிருந்து பதில் வந்துவிட்டது, இப்படி ஒரு கடிதம் எந்த வடிவிலும் சங்கத்துக்கு வரவில்லை என்று. இரண்டாவது கடிதம், மேல்பாதி. சம்பவம் நடந்த பிறகு கடிதம் எழுதுவது யாருக்கும் எளிது என்றார்கள். மூன்றாவது, மேல்பாதி. பொய் ஆவணம் பரப்புபவர் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று வந்தது. அதற்குத்தான் காத்திருந்தேன். நான்காம் நாள் காலை குளித்து, காபி குடித்து, ஒன்பது கீழ்பாதிகளையும் வரிசையாகப் போடச் சொன்னேன். ஒன்பது தேதி, ஒன்பது முத்திரை, ஒன்பது கையெழுத்து, ஒவ்வொன்றிலும் பத்மநாபன் என்று வால் நீட்டிச் சுழித்தது. அன்றைக்குச் சாப்பிட்ட வற்றல்குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சங்க மீட்டிங்குக்கு அறுபது நாற்காலி போட்டால் பன்னிரண்டு பேர் வருவார்கள், அதில் நான்கு பேர் காபிக்கு வருவார்கள். பேஜில் இருநூறு பேர், முந்நூறு பேர். பஹ்ரைனிலிருந்து, சிட்னியிலிருந்து, இந்தக் காலனியில் சைக்கிள் ஓட்டின பிள்ளைகள் எல்லாம் எழுதினார்கள். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத வாடகைக் குடித்தனக்காரர்கள்கூட, எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு குழி இருக்கிறது, எங்கள் புகாரும் எங்கே என்று கிளம்பினார்கள். கணக்கு கேட்டார்கள், தேர்தல் எப்போது என்று கேட்டார்கள். ஒன்பது வருஷமாக யாரும் வாய் திறக்காத காலனி. உமாசங்கர் ஒரு தடவை நாங்கள் போட்டதையெல்லாம் அழித்தான், அதற்குள் நாற்பது பேர் படமாக எடுத்து வைத்திருந்தார்கள், அரைமணியில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. சிலர் அசிங்கமாகவும் எழுதினார்கள். பத்மநாபன் குடும்பத்துப் பெண்களை இழுத்து ஒருவன் எழுதினதைப் படித்தபோது எனக்கே முகம் சுருங்கியது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவன் எழுதினதைக் கண்டித்து ஒரு வரி போடு என்று ஆக்னஸிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது. அந்த ஒரு நாள் பத்மநாபன் நன்றாகத் துடிக்கட்டும் என்று சும்மா இருந்தேன். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த முந்நூறு பேரில் ஒருவன்கூடக் குழிக்கு ஒரு பலகை போடவில்லை. நூர் முகமதுதான் எங்கிருந்தோ ஒரு பழைய பீரோக் கதவைக் கொண்டுவந்து குழிமேல் போட்டுக் கல் வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு ஃபேஸ்புக் கிடையாது.

அடுத்த வாரம் பத்மநாபன் மனைவி நீலா மாமி வந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய சேமியாப் பாயசம், கண்ணில் தண்ணீர். அவருக்கு பிபி ஏறிடுத்து, கோயிலுக்குப் போனாக்கூடத் திரும்பிப் பார்க்கறா, நாம ஒண்ணா மண்ணா இருந்தவா இல்லையா, எடுத்துடேன் கல்பகம் என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளே அவள்தான், நீ பிறந்ததும் முதலில் கையில் வாங்கினவள். ஆனாலும், உன் ஆத்துக்காரர் எழுதினதை எடுத்தாரா என்று கேட்டேன். தூக்குச்சட்டியை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள். பாயசத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினேன், வெறும் சட்டியாக. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சட்டி நம் வீட்டிலிருந்து ஒரு பிடி சர்க்கரைகூட இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் புரிந்திருக்கும். அப்புறம்தான் உமாசங்கர் உன்னைப் பிடித்திருக்கிறான், நீயும் என்னைக் கூப்பிட்டு எடுத்துடு என்றாய். நீ சொன்னதை ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டார். வாக்கரை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அன்றைக்கு நோட்டில் டிக் அடிக்கவும் இல்லை.

நான் எடுக்கவில்லை. எடுக்காததால்தான் நேற்று முன்தினம் பத்மநாபனே வாசலில் வந்து நின்றார். உட்காருங்கோ என்று நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார். திருத்த அறிவிப்பு ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார், வருந்துகிறோம், சில தகவல் பிழைகள் என்று சுற்றிவளைத்து. அதை நான் வாசிக்க அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி, காகிதத்தின் மூலையில் ரீவொர்க் என்று எழுதிக் கொடுத்தார். பிளாண்டில் சரியில்லாத சாமானைத் திருப்பிச் செய்யச் சொல்லிப் போடுகிற குறிப்பு அது, பத்மநாபனுக்கும் தெரியும். முகம் செத்துப்போனது. சாயங்காலம் மறுபடி வந்தார், குழி என்ற சொல் இருந்தது, யார் தோண்டியது என்று இல்லை. மறுபடி ரீவொர்க். நான் சமையல்கட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நேற்றுக் காலை மூன்றாவது தடவை, நின்றபடியே அவரே வாசித்தார். சங்கம் வெட்டி மூடாமல் விட்ட குழியில் திரு. ஸ்ரீனிவாசன் விழுந்தார், ஒன்பது முறை எழுத்தில் எச்சரித்தும் தலைவர் என்ற முறையில் நான் படிக்கவில்லை, அவர் பார்வையையும் வயதையும் பற்றி எழுதியது தவறு, மன்னிப்புக் கேட்கிறேன். சரி என்றார் அப்பா. பழைய அறிவிப்பை எடுத்துவிடட்டுமா என்று பத்மநாபன் கேட்டார். கூடாது, மூல ஆவணத்தை அழிக்கக் கூடாது, திருத்தம் அதற்குக் கீழேயே இருக்க வேண்டும், அப்போதுதான் எது தப்பு எது சரி என்று பார்க்கிறவனுக்குத் தெரியும் என்று அப்பா சொல்லிவிட்டார். நேற்று மத்தியானம் அது பேஜில் வந்தது. அப்பா இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கரண்டி சாதம் கூடக் கேட்டார். நீ சொன்னபடி நான் எடுத்திருந்தால் இது நடந்திருக்குமா, நீயே சொல்.

இப்போது உன் விஷயம். அந்தப் பழைய அறிவிப்புக்குக் கீழே அறுபத்துமூன்று பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள், லைக். அறுபத்துமூவர் உற்சவம்போல வரிசையாகப் பெயர். அவர்கள் யாரையும் நான் சும்மா விடவில்லை. உள்ளூரில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்க் கேட்டேன், வெளியூர்க்காரர்களுக்கு ஆக்னஸை விட்டு எழுதச் சொன்னேன், என் வீட்டுக்காரர் கண் தெரியாமல் விழுந்தார் என்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று. பஜனை மண்டலி வசந்தகுமாரி முதற்கொண்டு எல்லோரும் ஒரே பதில், சீக்கிரம் குணமாகணும்னுதான் போட்டேன், பிரார்த்திக்கிறோம்னு இருந்ததே, முழுக்கப் படிக்கலை. முக்கால்வாசிப் பேர் மன்னிப்புக் கேட்டு எடுத்தும்விட்டார்கள். அந்த வரிசையில் ஐந்தாவதாக உன் பெயர் இருக்கிறது அச்யுத். பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு உன் படம். ஐந்தாவது ஆள் என்றால் அறிவிப்பு வந்த அன்றைக்கே வைத்திருக்கிறாய். அப்பாவை ஆபரேஷன் மேஜையில் கிடத்தியிருந்த நாள் அது. மூன்றாம் நாள் என்னிடம், அப்படியாம்மா, எப்போ என்று கேட்டாய். அப்படியென்றால் நாற்பத்தேழாம் நம்பர் வீடு, உன் அப்பா பெயர், எல்லாம் கண்ணெதிரே இருந்தும் படிக்காமல் விரல் வைத்தாயா, இல்லை படித்துவிட்டு விரல் வைத்து, என்னிடம் தெரியாதவன்போலக் கேட்டாயா? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? படிக்காமல் கையெழுத்துப் போட்டவனை மூன்று தடவை வாசலில் நிற்க வைத்தேன். உன்னை என்ன செய்ய? நீ வாசலுக்குக்கூட வருவதில்லையே.

பேஜை அப்பாவுக்குத் தினமும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. லைக் போட்டவர்கள் பெயரையும் ஒன்றுவிடாமல் வாசிக்கச் சொன்னார், இன்ஸ்பெக்டர் இல்லையா. வாசித்தேன். நான்காவதற்குப் பிறகு ஆறாவதை வாசித்தேன். அச்யுத் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டானா என்று கேட்டார். அவனுக்கு வேலை மூச்சுமுட்ட இருக்கு, பார்க்கலை என்றேன். அதுவும் நல்லதுக்குத்தான், பார்த்திருந்தா துடிச்சுப் போயிருப்பான் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஜென்மத்தில் ஆறாது.

நித்யஸ்ரீக்கு என் ஆசீர்வாதம், குழந்தைக்குக் குளிர் காலம் வருகிறது, காதை மூடிக் கூட்டிப்போகச் சொல். நீயும் தீர்க்காயுசாக, குறை இல்லாமல் இரு, கோபத்தில் இருந்தாலும் அம்மா வாயிலிருந்து வேறு வராது. ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பதினெட்டாம் தேதி. ஒரு வாரம் கழித்துப் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் காரியமாக அந்த அறிவிப்பையும் அதன் கீழே உள்ள திருத்தத்தையும் பெயர் பெயராகத் தானே படிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆக்னஸ் லாப்டாப் கொண்டுவருகிறாள். அதற்குள் உன் பெயர் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் நான் மறைக்க மாட்டேன், நானே அவர் மடியில் எடுத்து வைப்பேன். எடுத்துவிட்டால் போனில் அதைப் பற்றிப் பேசாதே, ஸ்பீக்கரில் இருக்கும். அபிநவ் சமர்த்தாகச் சாப்பிடுகிறான் என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன். அப்பாவும் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கல்பகம் ஸ்ரீனிவாசன்